பெட்டிக்குள் தளபதி

பெட்டி திறக்க மாட்டேன் என்றது. கதையம்மா மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். மூடியிலிருந்த பித்தளை வளையம் கையோடு வந்ததுதான் மிச்சம்.

“என்னங்க, உள்ளேருந்து கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன்.”

“தள்ளியாச்சு,” என்றது பெட்டி.

பேசியது அவள் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே யார் மாட்டிக்கொண்டாலும் இவர்தான் ஓடுவார். மூடிய கதவுக்கு வெளியே நின்று, ‘பயப்படாதீங்க, வந்துட்டேன்’ என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆளைப் பத்திரமாக வெளியே எடுப்பார். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டு ஹாலிலேயே ஒரு மரப்பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார் என்றால், அதற்குக் காரணம் சரித்திரம்.

கதையம்மா என்பது அந்தக் குடியிருப்பு அவளுக்கு வைத்த பெயர். இத்தனை நாள் வாரப் பத்திரிகைகளுக்குச் சின்னச் சின்னக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது முதல் நாவலில் இறங்கியிருந்தாள். சரித்திரக் காதல் நாவல், அதில் ஆவியும் உண்டு. அரண்மனையில் ஏடு எழுதும் ஒரு பெண். அவளைக் காதலித்து, அதைச் சொல்லாமலே போரில் செத்துப்போன தளபதி. அவன் ஆவி பொக்கிஷப் பெட்டி ஒன்றில் அடைபட்டுக் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அது வாய் திறந்து காதலைச் சொல்ல வேண்டும்.

செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்பது கதையம்மாவின் கொள்கை. எழுதுவது அவள், செய்து பார்ப்பது கணவர். ஓடும் குதிரையிலிருந்து ஒரு பெண்ணை ஒற்றைக் கையால் தூக்க முடியுமா என்று ஸ்கூட்டரில் பார்த்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கவசத்தோடு மண்டியிட முடியுமா என்று பார்ப்பதற்காக முன்னும் பின்னும் தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற அன்றைக்குத்தான் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இன்றைய ஆராய்ச்சி, மரத்துக்குள்ளிருந்து வரும் குரல் எப்படி இருக்கும் என்பது. பழைய பெட்டி ஒன்று வேண்டும் என்று அவள் சொன்னதும், எப்போதும் முனகுகிற கணவர் இந்தத் தடவை தானே பழைய சாமான் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கிவந்திருந்தார். உள்ளே இறங்கியதும் அவராகத்தான். அவள் போனை எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் மூடி விழுந்துவிட்டது.

அந்த போன் வேறு நெருப்பை மூட்டியிருந்தது. பதிப்பகத்து மேடம் கடைசி அத்தியாயத்தை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்.

“எல்லாம் பிரமாதம். கோட்டை, போர், ஆவி எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா உங்க தளபதி காதலைச் சொல்றது மட்டும் லிஃப்ட்ல ஒட்டியிருக்கற அறிவிப்பு மாதிரி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா அச்சுக்குக் கோழிப் புத்தகம் போயிடும்.”

கோழிப் புத்தகம் என்பது ‘வீட்டிலேயே கோழி வளர்ப்போம்’. இத்தனை மாதம் ரத்தத்தைக் கொடுத்து எழுதிய நாவல், ஒரு கோழிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதை நினைக்கவே கதையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேடம் சொன்னதிலும் தப்பில்லை. காதலிக்கும் ஆண் எப்படிப் பேசுவான் என்று பக்கத்திலிருந்து பார்த்தாவது எழுதலாமென்றால், அவளுக்கு வாய்த்தவர் நாளொன்றுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அதில் இரண்டு, ‘காபி இருக்கா’.

ஒரே ஒரு தடவை அவர் சாப்பாட்டு மேஜையில் நீளமாகப் பேசியிருக்கிறார். “நடுவுல ஒரு கதவு மூடியிருந்தா, ஜனங்க மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லிடறாங்க. லிஃப்ட்ல மாட்டினவங்களைத்தான் தினம் பார்க்கறேனே,” என்றார். நாவலின் போர்க்களத்தில் இருந்த கதையம்மா தலையைத் தூக்காமல், “உம்” என்றாள்.

“மூச்சு முட்டுதா?” என்று இப்போது பெட்டியிடம் கேட்டாள்.

“இல்லை. காத்து வருது.”

மூடிய பெட்டிக்குள் காற்று எப்படி வரும் என்று அவள் யோசிக்கவில்லை. ‘பெட்டிக்குள் காற்று உலவியது’ என்று குறித்துக்கொண்டாள். அவள் எழுதுவது மைப் பேனாவில்தான், சரித்திரத்துக்கு அதுதான் சரிப்படும் என்பது அவள் எண்ணம்.

பிறகு சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து கீல்களில் ஊற்றினாள். கீலுக்குப் போனது கொஞ்சம், தரைக்குப் போனது மீதி. அதில் வழுக்கி அவள் உட்கார்ந்த இடம், தரையில் பரப்பி வைத்திருந்த நாவல் தாள்களில் ஏழாவது அத்தியாயம். சத்தம் கேட்டு எதிர் வீட்டு அக்கா வந்துவிட்டார்.

“என்னடி இது, நெத்தியெல்லாம் மை. பெட்டி முழுக்க எண்ணெய். தம்பி எங்கே?”

கதையம்மா பெட்டியைக் காட்டினாள்.

அக்கா எதற்கும் அசராதவர். “மேலேருந்து நல்லா ஒரு அழுத்து அழுத்தினா தானா எகிறிக்கும். எங்க வீட்டு சூட்கேஸ் அப்படித்தான்,” என்று மூடிமேல் ஏறி உட்கார்ந்து ஒரு குதி குதித்தார். அக்காவின் உடம்பு கொஞ்சம் தாராளமான உடம்பு. மூடி எகிறவில்லை, இன்னும் ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது.

“யாரது மேலே?” என்றது பெட்டி.

“நான்தான் தம்பி. பயப்படாதீங்க.”

கடைசியில் பழைய சாமான் கடைத் தச்சருக்கே போன் போட வேண்டியதாயிற்று. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். கதையம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பொழுது ஓடிக்கொண்டிருந்தது. கோழி அச்சாபீஸ் வாசலில் காத்திருந்தது.

“என்னங்க, அவர் வர்ற வரைக்கும் சும்மா இருக்கறதுக்கு, நீங்க தளபதியா இருங்களேன். நான் கேட்கறேன், தோணினதைச் சொல்லுங்க.”

“கேளு.”

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “தளபதியாரே, இத்தனை காலம் கழித்து ஏன் என்னைத் தேடி வந்தீர்?”

உள்ளே மரம் ஒருமுறை முனகியது. பிறகு பெட்டி மெதுவாகப் பேசியது.

“தேடி வரலை. நான் இங்கேயேதான் இருந்தேன். நீதான் நிமிர்ந்து பார்க்கலை.”

கதையம்மாவின் பேனா நின்றுவிட்டது. இது அவர் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. அவர் தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அவள் கேட்டதே இல்லை.

“உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாமே?” அடுத்த தாளை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

“சொல்லத்தான் வருவேன். நீ எழுதிட்டிருப்பே. விரல்ல மை ஒட்டியிருக்கும். அதே விரலால நெத்தியைத் தேய்ப்பே, மை நெத்திக்கு வந்துடும். துடைச்சு விடலாம்னு பக்கத்துல வந்து நிப்பேன். நின்னு பார்த்தா, அது அங்கேயே இருக்கட்டும், அழகாத்தான் இருக்குன்னு தோணும். திரும்பிப் போயிடுவேன்.”

அவள் எழுதினாள். எண்ணெய்க் கையோடு எழுதினாள். தாள் கிழியுமளவுக்கு அழுத்தி எழுதினாள். மனசு துள்ளியது. இத்தனை மாதமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்ட தளபதி, இதோ, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மூச்சுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

அக்கா அவள் தோளைக் கிள்ளினார். முகம் வெளுத்திருந்தது.

“இந்தா, உள்ளே இருக்கறது தம்பி இல்லை.”

“என்னக்கா சொல்றீங்க?”

“தம்பி என்னைக்காவது இவ்வளவு பேசி நீ கேட்டிருக்கியா? சரி, அது போகட்டும். மூடின பெட்டிக்குள்ள இருக்கறவருக்கு, வெளியே உன் நெத்தியில மை இருக்கறது எப்படித் தெரியும்?”

கதையம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அலறியிருப்பார்கள். கதையம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆவியைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் வீட்டுக்கு ஆவியே வந்து வசனம் சொல்கிறதென்றால், அது எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்? கணவர் உள்ளே என்ன ஆனார் என்ற கவலையும் வந்தது. வந்தது, ஆனால் இரண்டாவதாக வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அக்கா படியிறங்கிய வேகத்தில் குடியிருப்புக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தச்சர் வந்து சேர்ந்தபோது ஹாலில் நிற்க இடமில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு வந்திருந்தார்கள். காலி சிலிண்டர் எடுக்க வந்த ஆள்கூட முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே நின்றார்.

தச்சர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பதற்றமே இல்லாத மனுஷன்.

“சார் உள்ளேயா இருக்காரு?”

“சாரும் இருக்கார், வேற ஒருத்தரும் இருக்கார்,” என்றார் அக்கா.

“வெளியே வரணும்னு சார் கேட்டாராம்மா?”

கதையம்மா யோசித்துப் பார்த்தாள். “இல்லை. அவர் கேட்கவே இல்லை.”

“அப்ப அவசரம் ஒண்ணும் இல்லை,” என்று தச்சர் பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

கதையம்மாவுக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. “ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதைக் கேட்டுட்டாத் திறந்துடலாம்,” என்றவள் பெட்டியருகே குனிந்தாள். “என்னிடம் உமக்கு இப்போது என்ன வேண்டும்?”

கூட்டம் மொத்தமும் பெட்டிப் பக்கம் சாய்ந்தது.

“ஒண்ணும் வேண்டாம். நீ எழுது. பொழுது சாயறப்போ விளக்கைக் கொண்டுவந்து வெச்சுட்டுப் போறேன், கண்ணைக் கெடுத்துக்காதே. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, யார் வெச்சதுன்னு பாரு. அது போதும்.”

சிலிண்டர்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா பயத்தை மறந்து மூக்கை உறிஞ்சினார். கதையம்மா கடைசி வரிக்குப் புள்ளி வைத்த கையோடு மேடத்துக்கு போன் போட்டு, அத்தியாயத்தை முழுசாகப் படித்துக் காட்டினாள்.

“கோழி அடுத்த மாசம் போகட்டும்,” என்றார் மேடம். “எங்கே பிடிச்சீங்க இந்த மனுஷனை?”

“மனுஷனே இல்லை மேடம். நிஜமாவே ஆவி. அப்புறம் சொல்றேன்.”

தச்சர் எழுந்தார். எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அவர் உளியின் பின்பக்கத்தால் மூடியை லேசாகத் தட்டி, “சார், ஆச்சுங்களா?” என்றார். உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். எண்ணெயில் குளித்திருந்த மூடி சமர்த்தாகத் திறந்துகொண்டது.

உள்ளிருந்து கணவர் எழுந்தார். தலை கலைந்திருந்தது, ஒரு கால் மரத்துப் போயிருந்தது. எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“தம்பி, உள்ளே என்னவெல்லாம் பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?” என்று அக்கா கேட்டார்.

அவர் தொண்டையைச் செருமினார். “நானா? தூங்கிட்டேன்.” பிறகு மனைவியைப் பார்த்து, “காபி இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே சமையலறைப் பக்கம் நொண்டிக்கொண்டு போனார்.

“பார்த்தீங்களா, நான் சொல்லலை?” என்று அக்கா கூட்டத்தைப் பார்த்தார். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆளாளுக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படி நெடுகப் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

கதையம்மா தரையில் கால் பாவாமல் நடந்தாள். நாவலை யாருக்குக் காணிக்கையாக்குவது என்றுகூட முடிவாகிவிட்டது. பெயர் தெரியாத அந்தத் தளபதிக்குத்தான். வேறு யாருக்கு ஆக்குவது?

தச்சர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஆவலாக அருகே போனாள்.

“இந்தப் பெட்டி எந்த அரண்மனையிலேருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அரண்மனையா? பள்ளிக்கூடத்துல பந்து போட்டு வெச்சிருந்த பெட்டிம்மா.”

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “சரி, போகட்டும். மூடியில ஏதோ கொக்கி இருக்கே, அதை மட்டும் கழட்டிட்டுப் போயிடுங்க. மறுபடியும் அவர் மாட்டிக்கப்போறார்.”

தச்சர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பெட்டி கடையில இருந்தப்பவே வந்து, கொக்கியை உள்பக்கமா போடு, மூச்சு விடறதுக்குப் பின்னாடி ஓட்டை போடுன்னு சொன்னதே சார்தாம்மா, கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம், முகத்தைப் பார்த்தா அவருக்கு வார்த்தை வரமாட்டேங்குதாம்.”