கம்ப்யூட்டருக்குத் திரை போட்ட அலங்காரம்

திருவண்ணாமலையில் அண்ணாமலையாருக்கு அடுத்தபடியாக அதிக அலங்காரம் கண்டது என் கடைக் கம்ப்யூட்டர்தான். தெய்வக் குற்றம் ஆகிவிடப் போகிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் உண்மை அதுதான்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். நான் பத்தாவது தாண்டாதவன். டைப்ரைட்டரைக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினேனே தவிர, அதை எந்தப் பக்கம் தொடுவது என்று தெரியாது. வீட்டில் மனைவியும் மூன்று பெண்களும். ஐந்து வயிறும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இருந்தன.

அதை ஓட்ட வந்தவர் அலங்காரம். நாற்பது வயது, கட்டைப் பிரம்மச்சாரி, நெற்றி நிறைய விபூதி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது எனக்கே மறந்துவிட்டது.

"அண்ணா, ஊர்ல எல்லாரும் திருட்டு சிடி போட்டு ஓட்டறாங்க. மலையைப் பாத்துக்கினு நாம அத்த செய்யலாமா? கம்ப்யூட்டர ஓட்ட லினக்ஸ்னு ஒண்ணு இருக்குது, தர்மத்துக்குக் குடுக்கறாங்க. ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் சிடி குடுத்தாரு."

பாவம் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் எதற்கும் தலையாட்டுவேன். ஆட்டினேன்.

"லினக்ஸ்ல எத வேணா மாத்தலாங்கண்ணா" என்றார். மாற்றலாம் என்பதற்கும் மாற்றியே தீர வேண்டும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மறுநாளே திரையின் நாலு ஓரத்திலும் சரிகைக் கரை. அதில் இருந்த குட்டிப் படங்கள் எல்லாம் வில்வ இலையாகிவிட்டன. எந்த இலையைத் தொட்டால் மனு வரும், எதைத் தொட்டால் கால்குலேட்டர் வரும் என்பது அவருக்கும் சிவனுக்கும்தான் வெளிச்சம். மவுஸ் அம்பு திரிசூலமாகிவிட்டது.

"யோவ் அலங்காரம், இதுல எந்த முனை வேலை செய்யும்?"

"நடு முனைங்கண்ணா. மத்த ரெண்டும் அழகுக்கு."

சன்னதிக்குள் குப்பைத்தொட்டி இருக்கலாமா என்று, திரையில் வேண்டாததைப் போடும் அந்தக் குட்டிப் படத்தையும் தூக்கிவிட்டார். எங்கே தூக்கினார் என்று அவருக்கே மறந்துபோனது. அதன்பிறகு அடித்த தப்பையெல்லாம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தோம்.

லினக்ஸில் ஒரே பெட்டிக்குள் நான்கு திரை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாமாம். அலங்காரம் விடுவாரா? திரைக்கு ஒன்றாக நம் கோயிலின் நான்கு கோபுரங்கள், மேற்கே இருக்கும் பேய்க்கோபுரம் உட்பட. கீழ்பென்னாத்தூரிலிருந்து பட்டா மனுவுக்கு வந்த பெரியவர் ஒருவர், "என் மனு இன்னா ஆச்சுப்பா?" என்றார்.

"பேய்க்கோபுரத்துல இருக்குதுங்க" என்றார் அலங்காரம்.

"இங்க குட்த்தத அங்க ஏம்பா எடுத்துக்கினு போனீங்க?" என்று துண்டை உதறிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். ஓடிப்போய் நான்தான் அழைத்து வந்தேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைதான் கழுத்தை அறுத்தது. கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவது அன்றைக்குத்தான். காலை எட்டு மணிக்கே ஜனம் வந்து நிற்கும். எங்கள் வீட்டு அடுப்பு அந்த ஒரு நாள் வரும்படியில்தான் எரிந்தது. அலங்காரத்துக்கோ அது சோமவாரம், சிவனுக்கு உகந்த நாள். விசேஷ அலங்காரம் வேண்டாமா? கம்ப்யூட்டர்மேல் சிவப்புத் துணியைப் போர்த்தித் தன் தலையையும் உள்ளே விட்டுக்கொள்வார். உள்ளேயிருந்து குரல் வரும்: "திரை போட்டிருக்குதுங்கண்ணா. அரை மணி."

துணியைப் பிடித்து இழுக்க வேண்டியதுதானே என்பீர்கள். என்னால் முடியவில்லை ஐயா. திரை போட்டால் கைகட்டி நிற்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு இது. உள்ளே இருப்பது சாமியில்லை என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. நான் நின்றேன். ஜனம் ஒவ்வொருவராக எதிரே இருந்த இன்னொரு டைப் கடைக்கு நடந்தது. அங்கே கம்ப்யூட்டர் பிறந்தமேனிக்கு இருந்தது.

கடை மூழ்குகிற நேரத்தில், ஒரு ஆபீஸ் கிளார்க் ஆறு மாதத்துக்கான டைப் வேலை தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை வருவார், ஒரு பக்கம் அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையே அலங்காரத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு மட்டும் வேணாம்பா. இந்த வேலை கெடைக்கலன்னா கடைய மூடணும்."

"சரிங்கண்ணா" என்றார்.

மறுநாள் நான் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன், சிவப்புத் துணி மூடியிருக்கிறது.

"அடப்பாவி! வேணாம்னு சொன்னேனேப்பா!"

"பெரிய வேலை வர்ற நாளாச்சே, வெறுமையா உடலாங்களாண்ணா?" என்றது துணி.

கிளார்க் வந்தார். உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னாங்க, கம்ப்யூட்டர் குளிக்குதா?" என்றார். நான் கைகட்டி நின்றுகொண்டு அசடு வழிந்தேன். இருபது நிமிஷம் கழித்து எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அப்போதுதான் திரை விலகியது. கம்ப்யூட்டரில் விடிகிற நேரத்து மலை. அடிவாரத்தில் வரிசையாக அகல் சுடர்கள், தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. என்னையறியாமல் இரண்டு கையும் தலைக்குமேலே போய்விட்டன. எதிர்க்கடை வாசலில் கிளார்க்கின் ஸ்கூட்டர் நிற்பதையும் அதே கண்ணால்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் கடையை மூடினேன். அரிசி மண்டியில் மூட்டை தைக்கப் போனேன். கம்ப்யூட்டரை ஒரு உரக்கடைக்காரர் கேட்டிருந்தார். கொடுத்தனுப்பும் நாளில் அலங்காரம் வந்து உட்கார்ந்து, கரை, இலை, சூலம், கோபுரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இன்னாப்பா பண்ற?"

"வேற எடத்துக்குப் போவுதுங்கண்ணா. இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது. போன எடத்துல இது திட்டு வாங்கக் கூடாது."

கடைசியில் சாம்பல் நிறத்தில் வெறும் திரை மட்டும் நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"இப்படி மொட்டையாவாப்பா அனுப்பறது?" என்றேன். "மூலையில ஒரே ஒரு பூவாவது வச்சு அனுப்பு."