சைபர் அண்ணை போட்டுப் பார்த்த பதினேழாம் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சைபர் அண்ணையைப் போல எரிச்சலூட்டும் மனிதர் வேறு இல்லை. இருந்தால் அவரோடும் நான் சண்டை பிடித்திருப்பேன்.

உரும்பிராயில் ஒரு சின்ன அச்சுக் கடையில் கணினியில் தட்டச்சு செய்பவர் அவர். என்னைப் போன்ற டியூசன் மாஸ்டர்மார் கையால் எழுதிக் கொடுப்பதை அடித்துப் பிரதி எடுத்துத் தரவேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விட அவரால் முடியாது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாதவர். ஒரு சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாது. x வருகிற இடத்தில் ஓர் எண்ணைப் போட்டு, கூட்டிக் கழித்துப் பார்க்க மட்டும் தெரியும். முதலில் சைபரைத்தான் போடுவார். பெயர் அப்படி வந்தது.

கணக்கோடு நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை செத்தவீட்டுக்காரர் கல்வெட்டு அடிக்க வந்தார்கள். முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகம். இவர் இறந்தவரின் தம்பிமார் பிறந்த திகதிகளைக் கழித்துப் பார்த்துவிட்டு, கண் வீங்கி நின்ற மகனிடம் மெதுவாகக் கேட்டாராம்: "தம்பி, உங்கடை ரண்டு சித்தப்பாமாருக்கும் இடையிலை அஞ்சு மாசம்தான் கிடக்கு. பிழை விட்டது ஆர், நீங்களோ அப்பம்மாவோ?" மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்த மாமாவுக்கு வரவில்லை.

போன வருஷம் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு எனது கடைசிக் கருத்தரங்கு. முந்நூறு பிள்ளைகள். ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் ஒரு தாள்கூட அச்சாகவில்லை. பதினேழாம் கணக்கு சரிவரவில்லையாம்.

அது ஒரு சமனிலி. x²−4 ஐ x−1 ஆல் வகுத்தால் சைபரோ அதைவிடப் பெரிதோ வரவேண்டும், x எவை? −2 உம் அதற்குக் கீழும், 2 உம் அதற்கு மேலும் என்று நான் விடை எழுதியிருந்தேன்.

வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. "நீர் அடிக்க வந்தனீரோ, எனக்குப் படிப்பிக்க வந்தனீரோ?" என்று கத்தினேன்.

அவர் பென்சிலை எடுத்தார். மைனஸை எங்கள் பக்கத்தில் சய என்போம். "சைபரைப் போட்டுப் பாருங்கோ மாஸ்டர். மேலை சய நாலு, கீழை சய ஒண்டு. வகுத்தால் நாலு. நாலு பெரிசுதானே? உங்கடை விடையிலை சைபரைக் காணேல்லை. சய மூண்டு விடைக்குள்ளை நிக்குது. அதைப் போட்டால் சயதான் வருது."

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கீழே இருந்த x−1 ஆல் இரண்டு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியிருக்கிறேன். அது சயமாக இருந்தால் சமனிலியின் அடையாளம் திரும்பிவிடும். இருபது வருஷமாக இதைச் சொல்லித் தொண்டை கட்டியவன் நான். இந்தப் பிழையை விட்ட பிள்ளைகளை மாடு என்று ஏசியவனும் நான்தான். சரியான விடை −2 இலிருந்து 1 வரை, பிறகு 2 உம் அதற்கு மேலும். அந்த 1 சேராது. சேர்த்தால் கீழே சைபர் வந்துவிடும்.

ஆனாலும் எனக்கு மானம் பெரிது, நேரமும் போகிறது. உள்ளபடியே அடியும், வகுப்பில் வாயால் திருத்துகிறேன் என்றேன். திருத்தியிருக்க மாட்டேன். எனக்குப் போட்டியாகக் கணிதம் படிப்பிக்கிற மற்ற மாஸ்டரின் காதுக்குப் போனால் என்ன ஆகும்?

அவர் பிரதி இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பிழையான விடையைப் பாத்தால் பிள்ளையள் மாஸ்டர் பிழை எண்டு நினைக்காதுகள். தாங்கள் மொக்கு எண்டுதான் நினைக்குங்கள். நான் அப்பிடி நினைச்சுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டனான்."

விடையைத் திருத்திக் கொடுத்தேன்.

அரை மணித்தியாலம் பிந்திப் போய்த் தாள்களைக் கொடுத்தபோது, பதினேழாம் கணக்கில் நான் விட்ட பிழையையும், அதைப் பிடித்தவர் உரும்பிராய்ச் சைபர் அண்ணை என்பதையும் முந்நூறு பேருக்கும் சொன்னேன். மண்டபமே சிரித்தது. பின்னேரத்துக்குள் மற்ற மாஸ்டருக்கும் தெரிந்துவிட்டது. தெரியட்டும்.

சைபர் அண்ணை போன் எடுத்து ஏசினார். "ஏன் மாஸ்டர் என்ரை பேரைச் சொன்னனீங்கள்? இனி எல்லாரும் கணக்கைக் கொண்டுவந்து அரியண்டம் தரப்போகினம்."

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். புதுச் சேட்டுப் போட்டு, தலையை வழித்துச் சீவி, வாசலைப் பார்த்தபடி இருந்தார். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.