ஐந்து லீற்றரும் முப்பத்தாறு துணிகளும்

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் கோபுரங்களைக் கொண்டோ பள்ளிக்கூடங்களைக் கொண்டோ அளப்பவர்கள் விபரம் தெரியாதவர்கள். கார் துடைக்கும் துணியை அது எப்படித் தோய்க்கிறது என்று பார்த்தாலே போதும். இந்த அளவுகோலின்படி, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் ஒழுங்கை, அதாவது நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்னத் தெரு, உலகின் முதலிடத்தில் இருக்கிறது. ஒழுங்கைச் சனசமூக நிலையத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நான் பொறுப்புடன் அறிவிக்கிறேன். கூட்ட அறிக்கை எழுதுவதில் எனக்குப் பதினொரு வருட அனுபவம் உண்டு. என் கையெழுத்தின் அழகைப் பற்றி மற்றவர்கள் சொல்லியிருப்பதை நானே சொல்வது நன்றாயிராது.

இந்தப் பெருமைக்கெல்லாம் காரணம் ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகரத்தினம் அண்ணை. போன வருடம் அவர் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். கனடாவில் இருக்கும் மகள் கஜந்தினி, காருக்கென்று முப்பத்தாறு மைக்ரோஃபைபர் துணிகளை அனுப்பிவைத்தாள். அதே பொதியில் தாய்க்கும் ஒரு கம்பளிச் சட்டை இருந்தது. கோப்பாய் வெயிலில் அதை எப்போது போடுவது என்று தாய் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

துணிகளோடு பராமரிப்பு விதிகள் அச்சடித்த தாளொன்றும் வந்தது. அண்ணை இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்து அதைத் தமிழாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமியறை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினார். நீலத் துணி கண்ணாடிக்கு, மஞ்சள் காரின் உடம்புக்கு, சிவப்பு நான்கு சில்லுகளுக்கும். பருத்தித் துவாயோடு சேர்த்துத் தோய்த்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வாசத் திரவத்தில் அலசினால் பிறகு தண்ணீரை உறிஞ்சாது. அதிகச் சூடு இழைக்கு ஆகாது என்பதால், மாமர நிழலில் துணிகளுக்கென்று தனிக் கொடி கட்டப்பட்டது. அந்தக் கொடிக்குக் கிட்டப் போகிறவர்கள் கால் கழுவிவிட்டுப் போகவேண்டும் என்பது மட்டும் தாளில் இல்லை. அது அண்ணை சேர்த்தது.

நிலத்தில் விழுந்த துணியில் மண் ஒட்டும், மண் காரைக் கீறும். ஆகவே விழுந்த மஞ்சள் துணிக்கு முதலில் 'பணி இடைநிறுத்தம்', பிறகு விசாரணை, கடைசியில் சில்லுப் பிரிவுக்குப் 'பதவியிறக்கம்'. தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தும் ஒரு பியோனைக்கூட இடம்மாற்ற முடியாமற்போன மனிதருக்கு இதில் கிடைத்த மனநிறைவை நான் குறை சொல்லமாட்டேன்.

சட்டம் இயற்றுவது அண்ணை. அமுல்படுத்துவது, அதாவது தோய்ப்பது, அவர் மனைவி ஞானாம்பிகை அக்கா. நிர்வாகத்தில் இப்படிப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வது நல்லது என்று நானும் பல கூட்டங்களில் வலியுறுத்தியிருக்கிறேன்.

மூன்றாம் மாதம் நெருக்கடி வந்தது. மஞ்சள் துணிகள் அப்பளம் மாதிரி விறைத்துப் போயின. மூல காரணத்தை அண்ணை கண்டுபிடித்து, சனசமூக நிலையக் கூட்டத்துக்கு ஆதாரத்தோடு வந்தார். ஆதாரம், அவர் வீட்டு அடுப்படிக் கேத்தில்.

"இஞ்சை பாருங்கோ," என்று மூடியைத் திறந்து காட்டினார். "உள்ளுக்கை எவ்வளவு வெள்ளை படிஞ்சு கிடக்கு. எங்கடை கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. உதிலை தோய்ச்சா என்ரை துணியள் என்னத்துக்கு ஆகும்?"

கேத்தில் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. தலைவர் சிமியோன் மாஸ்ரர் உள்ளே விரலை விட்டுச் சுரண்டிப் பார்த்து, துணிகளை நினைத்து மிகவும் கவலைப்பட்டார். அந்தக் கேத்திலில் தேத்தண்ணி வைத்துக் குடிப்பவர் யார் என்ற கேள்வி எழவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை.

எங்கள் நிலையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. சிறிய இயந்திரம், ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காட், அதாவது பங்கீட்டு அட்டை, உண்டு. காட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர். துணிகளுக்கும் ஐந்து லீற்றர் வேண்டும் என்று அண்ணை கேட்டார். மேலதிகமாக ஒரு சொட்டும் கொடுக்க வழியில்லை என்று தலைவர் வருத்தத்துடன் சொன்னார். அண்ணையே வழியும் காட்டினார்.

"ஞானத்தின்ரை பங்கைத் துணியளுக்கு மாத்தி விடுங்கோ. அவ பிறந்ததும் இந்தக் கோப்பாய்தான். கிணத்துத் தண்ணி அவவுக்குப் பழகினது."

எவ்வளவு எளிமையான தீர்வு. ஏழு பேர் இருந்தோம், ஏழு கைகளும் உயர்ந்தன. நான் அப்போதே பதிவேட்டைத் திறந்து, அண்ணையின் இருபத்தேழாம் இலக்க வீட்டுக்கான பக்கத்தின் மேலே இருந்த ஞானாம்பிகை என்ற பெயரைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, 'துணிகள் (36)' என்று எழுதினேன். புதிய காட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி ஒருமுறை வாசித்தார். பிறகு, "சரி தம்பி," என்று சொல்லிவிட்டுத் தோய்க்கப் போனார்.

நாளுக்கு ஐந்து லீற்றர் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பத்தைந்து. அந்தத் தண்ணீரில் குளித்த துணிகள் என்ன மென்மையாக வந்தன என்கிறீர்கள்! தலைவர் ஒரு மஞ்சள் துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அரியாலையிலிருந்துகூடச் சிலர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களும் கால் கழுவினார்கள்.

இப்படி எட்டு மாதம் சிறப்பாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு விலாப் பக்கத்தில் தாங்க முடியாத வலி. அண்ணை பதறித்தான் போனார், அதில் சந்தேகமில்லை. ஆனால் முப்பத்தாறு துணிகளும் ஈரம். காரை வெளியே எடுத்தால் புழுதி படியும், படிந்தால் துடைக்க உலர்ந்த துணி ஒன்றுமில்லை. அண்ணை ஓட்டோ பிடித்து, அக்காவை அதில் ஏற்றிக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்து, சிறுநீரகத்தில் கல் என்றார்கள். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். அக்கா பதில் சொல்லுமுன் அண்ணை இருமினாராம்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் வருடாந்தப் பொதுக்கூட்டம். அண்ணையின் 'முன்மாதிரியான பராமரிப்புப் பணியை'ப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவது எட்டாவது விடயம். பாராட்டுரையை எழுதியது நான், வாசித்ததும் நான். 'ஒரு சிறு துணியின் துயரத்தையும் உணரும் உள்ளம்' என்று நான் வாசித்தபோது கைதட்டல் எழுந்தது. அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஞானாம்பிகை அக்கா உள்ளே வந்தார். ஒரு கையில் வெறும் தண்ணீர்க் கான், மறு கையில் அந்தக் கேத்தில். இரண்டையும் என் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"செயலாளர் தம்பி, நல்ல தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லிப்போட்டினம். காட்டிலை என்ரை பேர் இல்லை. அதாலை என்னையும் ஒரு துணியெண்டு பதிஞ்சு விடுங்கோ. முப்பத்தேழாவது. சில்லுத் துடைக்கிற பிரிவெண்டாலும் பரவாயில்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் நிகழ்ச்சி நிரலை எடுத்து முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அண்ணை தோளில் பொன்னாடையோடு எழுந்தார்.

"நீர் ஒருநாளும் தண்ணி வேணுமெண்டு கேக்கேல்லையே, ஞானம்."

"துணியள் கேட்டதோ?" என்றார் அக்கா.

அண்ணை பொன்னாடையை எடுத்து மெல்ல மடிக்கத் தொடங்கினார். அக்காவின் பெயரைத் திரும்ப எழுத நான் அவசரமாகப் பதிவேட்டைத் திறந்தேன். இருபத்தேழாம் இலக்க வீட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். முப்பத்தாறு துணிகளுக்கும் தனித்தனியே இலக்கம், நிறம், பணியில் சேர்ந்த திகதி, தற்போதைய உடல்நிலை. புதிதாக ஒரு பெயர் எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் ஒழுங்கையின் நாகரிகத்தை அளக்க விரும்புபவர்கள் எப்போதும் வந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். மேலே ஞானாம்பிகை என்ற பெயரின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கும். மிக நேரான கோடு. அடிமட்டம் வைத்து நான்தான் போட்டேன்.