தேருக்குக் கட்டை போட வேறு ஆள் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும்

ஜெர்மனியின் ஹம் நகரில் அம்பாள் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் மதிப்புக்குரிய அத்தான் சிவகுருநாதன் அவர்களுக்கு,

பாடர்போர்னிலிருந்து உங்கள் தங்கை குமுதினியின் கணவன் ஐங்கரன் வணக்கத்துடன் எழுதுவது. அம்பாள் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். மச்சாளின் முழங்கால் படியேற விடுகிறதா என்று குமுதினி கேட்கச் சொன்னாள். நிற்க, வருகிற வியாழக்கிழமை என்னை ஜெயிலுக்கு அனுப்பக்கூடும். பதறாமல் முழுவதையும் வாசியுங்கள்.

நான் இங்குள்ள பிரித்தானியப் படைமுகாமில் சமைக்கிறவன். சிப்பாய் இல்லாவிட்டாலும், அவர்களுடைய கடவுச்சீட்டும் அவர்களுடைய வேலையும் இருப்பதால், தப்புச் செய்தால் படை நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். கோயிலுக்கு முந்நூறு தேங்காய் கொண்டுவந்து இறக்கினேனே, அது முகாம் வான் வண்டியில், கேட்காமல். அதற்கு எண்பது மணித்தியாலம் சம்பளமில்லாத சமூக வேலை தந்தார்கள். முகாம் வாசலுக்கு வெளியே இருக்கிற பள்ளிக்கூடத்து வேலிக்கு ஞாயிறுதோறும் பெயின்ற் அடிக்க வேண்டும். பாதி வேலியை வாய் திறக்காமல் அடித்தேன். அதற்கடுத்த ஞாயிறு எங்கள் கோயில் தேர் வந்துவிட்டது. லண்டன் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த காலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? ஒருவனுக்கு ஏலாவிட்டால் மற்றவன் போவான், முதலாளிக்குக் கோப்பை கழுவப்பட்டால் சரி. அப்படி நினைத்துத்தான் எனக்குப் பதிலாக உங்கள் தம்பி ராசனை அனுப்பினேன். அவன் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு, பின்னேரம் கையெழுத்துக் கேட்டபோது தன்னுடைய முழுப்பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். உங்கள் இரத்தமல்லவா, பொய் வராது.

மேற்பார்வை பார்க்கிற வெரோனிக்கா எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தாள். வருடத்துக்குள் இன்னொருமுறை தவறினால் வழக்கு திரும்ப நீதிமன்றத்துக்குப் போகுமாம். அதனால் மறுவாரம் நானே நேரில் போனேன். ராசனும் கூட வந்தான், அவனுக்குப் பெயின்ற் வேலை பிடித்துவிட்டது. "அத்தான், பிறஷை இங்கை தாங்கோ, நீங்கள் அடிச்சால் வழியுது" என்றான். கொடுத்தேன். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை, ஆகவே எல்லோருக்கும் புட்டும் மீன்குழம்பும் சூடாக்கிப் பரிமாறினேன். வெரோனிக்கா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள், வாயைத் துடைத்தாள், பிறகு அறிக்கை எழுதினாள்.

நீதிபதி நல்ல மனிதர். "வேலை செய்தீரா?" என்றார்.

"வேலை முடிஞ்சுது ஐயா."

"செய்தது யார்?"

"ஆர் அடிச்சாலும் வேலிக்கு ஒண்டுதானே ஐயா?"

"தண்டனை வேலிக்கு இல்லை, உமக்கு" என்றார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மணித்தியாலத்தைக் கூட்டலாம், அல்லது சமூக வேலையை இரத்துச் செய்து, முதல்நாள் போல புதிதாகத் தண்டனை விதிக்கலாம், அதில் ஜெயிலும் உண்டு. முதல்முறை வராததற்குத் தகுந்த காரணம் இருந்தால் வியாழக்கிழமை எழுத்தில் கொண்டுவாரும் என்றார்.

அந்தக் காரணம் உங்கள் கையில், அத்தான். கோயில் கடிதத்தாளில், முத்திரை குத்தி, நாலு வரி எழுதுங்கோ. தேர்ச்சில்லுக்குக் கட்டை போடுகிறவன் ஐங்கரன், அவன் இல்லாவிட்டால் தேர் திரும்பாது, தெரு முடக்கில் இருக்கிற பேக்கரிக்குள்ளே போயிருக்கும், அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது என்று. நான் உள்ளே போனால் முகாம் வேலையும் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அம்பாள் உங்கள் வீட்டு விளக்கை மங்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள ஐங்கரன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் குமுதினி இதை வாசித்துவிட்டாள். "அண்ணையைக் கொண்டு பொய் எழுதிவிக்கிறியளோ? தேர் முடக்கிலை திரும்பேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்கிறாள். தண்ணீர்ப் பந்தலில் சர்பத் குடித்துக்கொண்டு நின்றேன், அத்தான். இந்த முறை கட்டை போட்டது கோயிலுக்கு வருகிற பொடியன் கிருஷாந். கடிதம் வேண்டாம், வியாழக்கிழமை உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஜெயிலை விட ஒன்றுதான் மனதை அரிக்கிறது. இத்தனை வருடம் நான் போட்டும் அந்த முடக்கில் தேர் ஒருமுறையாவது இடிபடும். இந்த வருடம் நூல் பிடித்தது போலத் திரும்பியது.