என் கோபத்துக்கு நீதான் சாட்சி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம். நான் மட்டும் வைத்தியத்தில் இருக்கிறேன், வியாதி என்னவென்று இன்னும் தெரியவில்லை.

போன மாதம் உன் அத்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்த நாற்காலியை என் மகன் என்னைக் கேட்காமல் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். கத்தினேன். கத்தாமல் கையா தட்டுவார்கள்? "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதான் இப்படி"ன்னான். மறுநாளே டாக்டர். அவருக்கு என் பேரன் வயசு. என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "பாட்டிக்கு அடிக்கடி கோபம் வருதா?"ன்னு மகனைக் கேட்கிறார். "எனக்குக் காது கேட்கும்"னேன். அதையும் எழுதிக்கிட்டார். ஒரு மாத்திரை கொடுத்து, எனக்குக் கோபமும் அழுகையும் வர்ற நேரத்தை நோட்டில் குறிச்சுட்டு வரச் சொன்னார்.

மருமகள் குறித்தாள். நான் சும்மா இருப்பேனா, எதிர்ப்பக்கத்தில் மகனுக்கு ஆரம்பிச்சேன். திங்கள் எட்டேகால், உப்பு கம்மின்னு தட்டை வீசினான். புதன், போனில் யாரையோ அரைமணி நேரம் திட்டினான். வெள்ளி, கதவை அறைஞ்சதில் கண்ணாடி விரிசல். மருமகள் படிச்சுட்டு, "அத்தை, இதை அழிச்சிடுங்க, அவர் பார்த்தா டென்ஷன் ஆயிடுவார்"னா. "எனக்கு மட்டும் ஆகக்கூடாதா?"ன்னேன். அவளுக்கும் அழுகை வந்துடுச்சு. அதை யார் பக்கத்துல எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டேன்.

டாக்டர் ரெண்டு பக்கமும் படிச்சார். மகனைப் பார்த்துச் சிரிச்சு, "வேலைக்குப் போற ஆம்பளைக்கு இதெல்லாம் சகஜம் சார்"ன்னார். எனக்கு, 'வீட்டு ஆட்கள் மேல சந்தேகம்'னு எழுதி மாத்திரையை ரெண்டாக்கிட்டார். வர்ற வியாழன் மூணாக்குவாராம். இப்பவே பகலெல்லாம் தலை தொங்குது. எனக்குக் கெடுதல் செஞ்சவங்களை வரிசையா நினைச்சுப் பார்ப்பேனே, நேத்து பாதியில ஒருத்தி பேர் வரலை. இனி அவகிட்ட நான் எப்படிப் பேசாம இருக்கிறது?

இருபது வயசுல நான் கோபப்பட்டா திமிர்னாங்க. அம்பதுல, அந்த வயசுல உடம்பு படுத்தும்னாங்க. எழுபத்தாறுல மூளைங்கறாங்க. கோபம் அதே கோபம்தான் தம்பி. உன் அத்தான் தெருவே கேட்கக் கத்தினா, கண்டிப்பான மனுஷன்.

அதனால புதன்கிழமைக்குள்ள நீ கிளம்பி வா. என்னைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன்னு நீ ஒருத்தன்தான் மிச்சம். என் சிலேட்டை உடைச்சவ வீட்டு வாசல்ல ஏழு வயசுல நின்னு இருட்டும்வரை திட்டினேனே, அவ கல்யாணத்துக்கும் போகலையே, அதைச் சொல்லு. "எங்க அக்கா பொறந்ததிலிருந்தே இப்படித்தான், இது வியாதி இல்லை"ன்னு ஒரு வார்த்தை. நான் சொன்னா எடுபடலை. நீ நல்ல பேன்ட் சட்டை போட்டுட்டு வா.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவிக்கும் ஆசி. என் மகன் கல்யாணத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் ஆசி.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது நினைப்பு வந்தது. அப்பா போன அன்னைக்கு உனக்குப் பதினாலு வயசு. தேம்பித் தேம்பி அழுதே. "ஆம்பளைப் பிள்ளை அழுதா நாலு பேர் சிரிப்பாங்க"ன்னு உன்னை இழுத்துட்டுப் போய் உள்ளறையில விட்டு வெளியே தாழ் போட்டேன். வந்தவங்க எல்லாம் போனப்புறம் திறந்தேன். உன் முகம் காய்ஞ்சிருந்தது. அம்மா போனப்பவும் அப்படியே இருந்தது. என் தம்பி தைரியசாலின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும்னு தோணினா சொல்லு. வரவே வேண்டாம்னு தோணினாலும் சரி. உன் மேல எனக்குக் கோபம் இல்லை.