தேதி போடாத பத்திரிகை

திருத்தங்கல்,
ஆனி 21, சனிக்கிழமை.

பாசமுள்ள மாப்பிள்ளை முத்துப்பாண்டிக்கு, மச்சான் பாலகுரு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காள் பாண்டிலட்சுமியும் சுகம். உங்கள் மருமகள் இசைவாணியும் சுகமாக இருப்பதாக அவள் அம்மா மூலம் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது என்ன பேச்சு என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திருப்பூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? பனியன் கம்பெனியில் ஆர்டர் நிறைய வருகிறதா? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவீர்கள், தெருவே கேட்கும். வாட்ஸ்அப்பில் போட்டால், நான் கடைவாய்ப் பல் பிடுங்கிய செய்திக்குச் செய்ததைப் போல, குடும்ப குரூப்பில் நாற்பத்தாறு பேர் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். இது நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "மச்சான், தைரியமா இருங்க" என்றீர்கள். எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன். நிஜமாகவே எனக்கு அது தேவைப்படுகிறது.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு நர்சம்மா வந்து, ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகளை வீட்டில் முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள், திடீரென்று வந்தால் பயந்துபோவார்கள் என்று சொன்னார்கள். அப்பாமார் எல்லோரும் ஒன்றுபோல மின்விசிறியைப் பார்த்தோம், நானும்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அக்காள் பிடித்துக்கொண்டாள். அவள் காலை ஏழு மணி வேனில் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள், உள்ளே போன் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். நான் பிரஸ்ஸில் முதல் ஷிப்டு முடிந்து இரண்டரை மணிக்கே வீட்டில் இருப்பவன். "பிள்ள பதறிப்போயி வந்தா அங்கன நீங்கதான இருப்பீக? நீங்களும் ஃபேனப் பாத்துக்கிட்டு நின்னா அது யாருகிட்டப் போயிச் சொல்லும்?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷம் நாலு கலர் அச்சு மெஷின் ஓட்டியவனுக்கு இது ஒரு வேலையா என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் வேலை நாப்கின் வாங்குவது. திருத்தங்கலில் மெடிக்கல் வைத்திருப்பவர் நமக்குத் தெரிந்தவர், சிவகாசியில் போனால் பிரஸ்காரர்கள் கண்ணில் படுவேன். ஆகவே அரை நாள் லீவு போட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு மருந்துக் கடையில் கூட்டம் குறையட்டும் என்று எதிர்த்த கடையில் மூன்று டீ குடித்துவிட்டுப் போய் நின்றால், வாய் வரவில்லை. "அது... அந்த..." என்று அலமாரியைப் பார்த்துத் தாடையை ஆட்டினேன். கடைக்காரர் நல்ல மனுஷன், என் பக்கம் குனிந்து, "கூச்சப்படாதீக அண்ணாச்சி. நாள் முழுக்க ஒக்காந்து வேலை செய்ற எல்லாருக்கும் வர்றதுதான். மூலமா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன் மாப்பிள்ளை. வேறு என்ன செய்வது, எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். களிம்பு ஒன்று, இருபது மாத்திரை, காரம் குறைக்கச் சொல்லி இலவச ஆலோசனை, எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையைத் திறந்த இசைவாணி, "யாருக்குப்பா மூலம்?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி கத்திக்கொண்டு ஓடியது. பிறகு அவளே ஒரு துண்டுத் தாளில் பெயரும் அளவும் எழுதிக் கொடுத்து, "பேசாம இதக் கடையில நீட்டுங்க, போதும்" என்றாள். நீட்டினேன். நம் திருத்தங்கல் மெடிக்கலிலேயே கிடைத்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் எதையும் சாம்பிள் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று கம்பெனி நாப்கினை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக விரித்து, நன்னாரி சர்பத்தை மூடி மூடியாக அளந்து ஊற்றி, எது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பழையதை எப்படிச் சுற்றிப் போட வேண்டும் என்பதையெல்லாம் பாக்கெட் பின்புறம் பார்த்து நான் உரக்கப் படித்தேன். அதில் ஒரு பாக்கெட்டில் சிவப்பு கொஞ்சம் விலகி அச்சாகியிருந்தது, அதையும் அவளுக்குக் காட்டினேன். "வலிக்குமாப்பா?" என்று கேட்டாள். "தெரியலயேம்மா. ஒங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் மூடியையே திருகிக்கொண்டிருந்துவிட்டு, "வந்தா ஒங்ககிட்டயும் சொல்வேன். ஆனா நீங்க யாருக்கும் சொல்லக் கூடாது. மாமா பஸ் ஸ்டாண்டு முக்குல பேனர் வப்பேங்காக. என் கிளாஸ் பயலுக பூராம் அந்த முக்குலதான் பஸ் ஏறுவானுக. அப்புறம் நான் பள்ளிக்கூடமே போக மாட்டேன்" என்றாள். நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. சாயங்காலம் உங்கள் அக்காள் வந்து பார்த்தபோது மேஜை முழுக்க எறும்பு. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். நான் சத்தியம் செய்த அந்த நேரத்தில், என் தலைக்கு மேலே ஸ்லாபில், நாப்கின் டப்பாவுக்குப் பின்னால், அவளுடைய சடங்குப் பத்திரிகை முந்நூறு இருந்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை மாப்பிள்ளை. மே மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை ஓட்டும்போது ஷீட்டின் ஓரத்தில் இடம் மிஞ்சியது. வெட்டிக் குப்பையில் போடுகிற தாள். ஆடிப்பெருக்குக்கு மேல் காலண்டர் சீசன் வந்துவிட்டால் மெஷினில் ஈ உட்காரக்கூட இடம் கிடைக்காது. பிள்ளைக்கு விசேஷம் அந்த நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஓட்டிவிட்டேன். தோகை விரித்த மயில், நடுவில் அவள் படம், கீழே கூலிங் கிளாஸோடு நீங்கள், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் "தாய்மாமன் சீர்". வருஷம், மாதம், தேதி மூன்றுக்கும் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தேன். அச்சு அவ்வளவு சுத்தம், ஒரு மயிரிழை விலகவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை இசைவாணி வயிற்று வலி என்று பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் விற்கிற மாங்காயின் வேலை என்று எனக்கு அப்போதே தெரியும், ஓமத் தண்ணீர் காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு பத்திரிகையைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு ஏறினாள் என்று இதுவரை தெரியவில்லை. என்னைப் பார்த்து, "எல்லாம் போட்ருக்கீக. நாள மட்டும் காணோமேப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் மெதுவாகச் சொன்னாள். ஓமத் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவள்தான், இன்றோடு ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. சட்னி வேண்டும் என்றால்கூட, "அம்மா, அப்பாகிட்டச் சட்னிய இங்கிட்டு நகட்டச் சொல்லு" என்கிறாள். சட்னி என் கையில்தான் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. மகளை எல்லாவற்றுக்கும் தயார்ப்படுத்திவிட்டதாக ஊரில் மார்தட்டாத குறை. என்னிடம் வந்து சொல்லலாம் என்று அவள் நம்பினாளே, அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அவளுக்கு முன்பல் விழுந்த நாளிலிருந்து நூற்றொரு தட்டுச் சீர், ஜமாப் மேளச் செட்டு, பஸ் ஸ்டாண்டு முக்கில் பேனர் என்று சொல்லிவருகிறீர்கள். உங்கள் ஆசை எனக்குத் தெரியும், ஒரே அக்காள், ஒரே மருமகள். ஆனால் அந்த நாள் வரும்போது ஒன்றும் வேண்டாம். மருமகளைப் பார்க்க ஒரு மாமனாக வாருங்கள், கறிச் சோறு சாப்பிடுங்கள், அவள் கேட்கிற புத்தகமோ சைக்கிளோ வாங்கிக் கொடுங்கள். பேனர் வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டால் மச்சான் கஞ்சன், விடவில்லை என்று என் பேரில் பழியைப் போடுங்கள், நம்புவார்கள். இன்னும் அவளுக்கு வரவில்லை. வருவதற்குள் நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால், அதைக் காட்டி அவளை மறுபடி என்னோடு பேசவைக்கப் பார்ப்பேன்.

தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நன்றாகப் படித்து வளர, திருத்தங்கல் பெருமாள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ச. பாலகுரு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது இசைவாணி வந்து, "மாமாவுக்கா?" என்றாள். ஒன்பது நாளைக்குப் பிறகு நேராக என்னிடம் கேட்ட முதல் வார்த்தை என்பதால், யோசிக்காமல் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். மூலம் வந்த இடத்தில் சிரித்தாள். மாங்காய் வந்த இடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மாங்கா இல்லப்பா" என்றாள்.

அந்த வியாழக்கிழமைதான் மாப்பிள்ளை. கணக்கு வகுப்பில். பயப்படவில்லையாம், பையில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டாளாம். என்னிடம் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாளாம், டப்பாவை எடுக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறாள். ஆறு மணிக்கு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கே போன் போட்டு, சீர், செட்டு, பேனர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, நீங்களும் "சரி தாயி" என்றுவிட்டீர்களாம். உங்கள் "தைரியமா இருங்க" எதற்கு என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஆக, மேலே எழுதிய எதற்கும் பதில் தேவையில்லை. ஆனாலும் அனுப்புகிறேன், ஒரு மணி நேரம் எழுதியிருக்கிறேன்.

ஸ்லாபில் இருந்த பத்திரிகைகளைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும் என்று இறக்கிக்கொண்டாள். ஒன்றை மட்டும் எடுத்து, நான் விட்டிருந்த புள்ளிகளின் மேல் பேனாவால் ஆனி 12, வியாழக்கிழமை என்று எழுதி, கவரில் போட்டு, மேலே "அப்பாவுக்கு" என்று எழுதி என்னிடம் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, உங்களுக்கும் இல்லை.