தளபதியின் மூக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மலைக்குப் போனவன் நானல்லவா?

"அத்தான், காட்சி கண்ணைப் பறிக்கும், வழியில நினைவுச்சின்னம் ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்றாய். மூடுபனியில் காரின் முன்பக்கமே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அக்கா, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்தினாள். முதலில் ஒரு பாழடைந்த கோட்டை. அதன் வரலாற்றை நான் அவளுக்கு விலாவாரியாக விளக்கி முடித்த பிறகு, அது பழைய தண்ணீர்த்தொட்டி என்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார். அத்தோடு உன் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

உச்சியில் ஒரு தளபதியின் சிலை, அன்று அவருக்கு நினைவு நாள் விழா. வளைவுகளில் என் கழுத்து சுளுக்கிக்கொண்டதால் அண்ணாந்த தலை அண்ணாந்தபடியே நின்றேன். வலியில் கண்ணீர் வேறு. விழாத் தலைவர் ஓடிவந்து என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மூக்கைப் பாருங்க! பேரன் வந்துட்டாரு!" இல்லையென்று தலையாட்டக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. "ஐயா, நான் கரண்ட் மீட்டர் பார்த்து ரிட்டையர் ஆனவன்" என்றேன். "அடடா, என்ன தன்னடக்கம்! தாத்தாவை உரிச்சு வச்சிருக்காரு!" என்று மேடையேற்றிவிட்டார்கள். பேசியே ஆகவேண்டுமாம். "என் தாத்தா எதற்கும் அஞ்சாதவர்" என்றேன். பொய்யில்லை, என் தாத்தா பல்லியைத் தவிர எதற்கும் அஞ்சியதில்லை. கைதட்டல் அடங்கவில்லை. முன்வரிசையில் உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்லயும் இப்படித்தாங்க, ரொம்பத் தைரியம்" என்று பக்கத்து அம்மாளிடம் சொல்கிறாள்! கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது அவளே பேசினாள்: "ஏங்க, நிஜமாவே அவர் உங்க தாத்தாவா?" கழுத்து அசையாததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மனசாட்சி உறுத்தித் தளபதி குடும்பத்துக்கு மறுநாளே மன்னிப்புக் கடிதம் போட்டுவிட்டேன். உன் அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். இனி மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள்; உனக்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கழுத்து திரும்பாத அத்தான்

பி.கு.: என் கடிதம் கிடைத்து, தளபதியின் உண்மையான பேரன் இப்போதுதான் போன் செய்தார். "பிரமாதமாப் பேசினீங்களாமே! எனக்கு மேடைன்னாலே கைகால் உதறும். இனிமே வருஷா வருஷம் நீங்களே போயிடுங்கண்ணே" என்றார். அடுத்த மலையில் தளபதியின் தம்பிக்கும் சிலை இருக்கிறதாம், இன்றைக்கே விழாவாம். உன் அக்கா காரில் ஏறி ஹாரன் அடிக்கிறாள். முடிக்கிறேன்.